ஊமத்தை உணர்த்தும் பாடம்

மருந்துவாழ் மலை என்னும் பெயரே, நாஞ்சில் நாட்டு முன்னோர் மூலிகைமேல் வைத்திருந்த நம்பிக்கையைப் பறைசாற்றும். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் விளங்கும் மாவட்டம் இது. ஆதலின், ‘இழுப்பு நோய்க்குப் பச்சிலை போதாதா?’ என்னும் வினா நம்மிடையே எழுவது இயல்பே. வரலாறு தரும் விடையைக் காண்போம்.

நம் வழியோரங்களில் தானே முளைப்பது ஊமத்தை. இழுப்பு வந்தோர் அதனை உலர்த்திப் புகைக்கும் வழக்கம் இந்நாட்டில் இருந்தது. சென்னையில் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதனைப் பிறருக்கும் பரிந்துரைத்தார். 1802இல் ஜெனரல் ஜென்ட் என்பவர் வழியாக அது பிரிட்டனை அடைந்தது. பின்னர் ஊமத்தை இனச் செடியின் இலை பொதிந்த சுருட்டுகள் மேனாட்டு மருந்துக் கடைகளில் 20ஆம் நூற்றாண்டிலும் விற்பனையாயின.

அதில் பயன் இல்லாமலில்லை. ஊமத்தையிலுள்ள அட்ரோபின், மூச்சுக்குழாயை இறுக்கும் நரம்பின் செயலைத் தடுக்கின்றது. ஆயின் அதுவே நாவை வறட்டும், நெஞ்சைப் படபடக்கச் செய்யும், சித்தத்தைக் கலக்கும், அளவு மிஞ்சின் உயிரையும் போக்கும். செடிக்குச் செடி நஞ்சின் அளவு வேறுபடுமாதலின், இலையைப் பறிப்பவர் அளவை எங்ஙனம் அறிவார்? இவ்விடரைக் களைய, அட்ரோபினின் அமைப்பைச் சற்றே மாற்றி, மூளைக்குள் எளிதில் புகாத இப்ராட்ரோபியம் உருவாக்கப்பட்டது. 1970களில் உறிஞ்சு மருந்தாகப் புழக்கத்திற்கு வந்த அது, கடும் இழுப்புடன் வருவோர்க்குப் பிற மருந்துகளோடு இன்றும் அளிக்கப்படுகின்றது.

எல்லா மூலிகையும் இவ்வாறு தேறிவிடவில்லை. நஞ்சறுப்பான் இலையை மென்றோர் நலம் பெற்றனர் எனத் தில்லியில் சிவ்புரி குழுவினர் 1960களின் இறுதியில் அறிவித்தனர். 1979இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், போலி மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க பயன் அதில் காணப்படவில்லை.

மூலிகையை இகழ்வதும் அறியாமை. ஆராயாது ஏற்பதும் அறியாமை. உறிஞ்சு மருந்து ‘பழகிவிடும்’ என அஞ்சி, அதனை ஒதுக்கிவிட்டுக் கசாயத்தை மட்டும் நம்புவோரை நம் பங்குகளில் காண்கிறோம். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை அடக்கும் மருந்தை நாள்தோறும் எடுப்பதே இந்நோய்க்கு அரண். அதனை இடையில் நிறுத்தினால், நள்ளிரவில் எழும் இழுப்பு மருத்துவமனை சேரும்வரை காத்திராது. மூலிகை வேண்டுவோர் தகுதி பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரை நாடட்டும். அதனைத் தம் மருத்துவரிடம் மறையாது கூறட்டும். ஊமத்தையின் நன்மையை நஞ்சினின்று பிரித்துத் தந்தது ஆய்வும் அளவுமே அன்றோ?