பதில் கேட்காத குரல்



தேர்தல் வந்துவிட்டால் மதியம் கண்ணயர முடிவதில்லை. போன் அடிக்கும். எடுத்தால் ஒரு தலைவரின் குரல், "வணக்கம், நான் உங்கள்..." என்று ஆரம்பிக்கும். வைத்துவிட்டுப் படுத்தால் அடுத்த கட்சியின் குரல். வரலாறு சொல்லிக்கொடுத்தவன் இல்லையா, எரிச்சலோடு ஒரு யோசனையும் வந்தது: இது எப்போது தொடங்கியது?

என் சின்ன வயதில் திருப்பனந்தாளில் பிரச்சாரம் என்றால் சுவர் எழுத்தும், வண்டியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும்தான். அதுவும் இரைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் வண்டிக்குப் பின்னால் ஆள் வருவார். "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க, கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?" என்று என் பெரியப்பா கேட்டார். வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். அவர் சொன்ன பதிலில் யாருக்கும் திருப்தி இல்லை. ஆனாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பதிவுசெய்த குரல் நம் நாட்டில் பெரிய அளவில் வந்தது 2004 மக்களவைத் தேர்தலில். பிரதமர் வாஜ்பாயின் குரல் லட்சக்கணக்கான தொலைபேசிகளில் ஒலித்தது. பிரதமரே கூப்பிடுகிறாரே என்று வியந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தேர்தலில் அவர் கூட்டணி ஆட்சியை இழந்தது. இருந்தும் இந்த வழக்கம் போகவில்லை. கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

விதிகள் இல்லாமல் இல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் ஓய வேண்டும். மொத்தமாக அனுப்பும் குரல் செய்திக்குத் தேர்தல் ஆணையத்தின் முன்சான்று வேண்டும். ஆனால் மறுமுனையில் கேட்க ஒரு காது இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இப்போது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டோம். 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலையும், 2018இல் மறைந்த கருணாநிதியின் உருவத்தையும் குரலையும் 2024இல் செயற்கை நுண்ணறிவால் பேச வைத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் அதிபர் பைடனின் போலிக்குரல், ஓட்டுப்போடப் போகாதீர்கள் என்று போனில் சொன்னது. பதிவுசெய்த குரலாவது அவர் பேசியது. இது அவர் பேசவே பேசாதது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. போன தேர்தலில் அப்படி ஒரு அழைப்பு வந்தபோது, "அய்யா, முதியோர் பணம் நாலு மாசமா வரலீங்க" என்று அந்தக் குரலிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தொடர்பு அறுந்ததும் என்னைப் பார்த்து, "கேட்டுக்கிட்டாரு தம்பி, ஒண்ணும் சொல்லாம வச்சுட்டாரு" என்றார்.

அது மெஷின் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் மனு எழுதிக் கொடுத்தேன்.

என் மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று: குரல் வந்தால் வைத்துவிடுங்கள். ஆள் வந்தால் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பிறகு கேளுங்கள்.