ஃப்ளாஷ்: ஒரு ராக் குழு காமிக்ஸ் நாயகனுக்குப் போட்ட பாட்டு

நாயகன் திரைக்கு வருவதற்கு முன்பே அவனுடைய பாட்டு ஊருக்குள் வந்துவிட வேண்டும். இது தமிழ் சினிமாவின் பழைய கணக்கு. திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது. அதே மாதம் 11ஆம் தேதி எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. கட்சி தொடங்கி ஓராண்டுகூட ஆகாத நிலையில், இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் வெற்றி பெற்றார். சினிமாப் பாட்டு எங்கே முடிகிறது, பிரச்சாரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத காலம் அது.

ஏழு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஒரு ராக் இசைக்குழுவும் இதே கணக்கைப் போட்டது. அந்தக் குழுவின் பெயர் குயின். பாட்டின் பெயர் 'ஃப்ளாஷ்'.

யார் இந்த ஃப்ளாஷ்?

ஃப்ளாஷ் கார்டன் ஒரு காமிக்ஸ் நாயகன். அலெக்ஸ் ரேமண்ட் 1934இல் அமெரிக்கப் பத்திரிகைகளுக்காக வரையத் தொடங்கிய தொடர் அது. சூப்பர்மேன் வந்ததே 1938இல்தான். அந்த வகையில் ஃப்ளாஷ் கார்டனை சூப்பர் ஹீரோக்களுக்கு அண்ணன் என்று சொல்லலாம். நம்மூரிலும் இந்திரஜால் காமிக்ஸ் படித்தவர்களுக்கு மாண்ட்ரேக்கோடு இவரையும் தெரிந்திருக்கும். ஆனால் இவருக்குப் பறக்கத் தெரியாது, மாய சக்தியும் கிடையாது. வெறும் துணிச்சல்தான்.

இந்தக் கதையைப் படமாக்க ஆசைப்பட்டவர்களில் ஜார்ஜ் லூகாஸும் ஒருவர். உரிமை கிடைக்கவில்லை. சரி என்று சொந்தமாகக் கதை எழுதினார். அதுதான் 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்'! தயாரிப்பாளர் டினோ டி லாரென்டிஸ் எடுத்த 'ஃப்ளாஷ் கார்டன்' 1980இல்தான் வெளிவந்தது. இயக்கியவர் மைக் ஹாட்ஜஸ்.

துணிச்சலான முடிவு

இங்கேதான் சிக்கல். 'ஸ்டார் வார்ஸ்', 'சூப்பர்மேன்' (1978) இரண்டுக்கும் இசை ஜான் வில்லியம்ஸ். விண்வெளிப் படம், வீர நாயகன் படம் என்றால் நூறு வயலின் முழங்கும் ஆர்க்கெஸ்ட்ராதான் வேண்டும் என்று அந்த இரண்டு படங்களும் ரசிகர்களின் காதைப் பழக்கிவிட்டன. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு ராக் குழுவிடம் படத்தை ஒப்படைத்தது பெரிய சூதாட்டம். ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகளை மட்டும் ஹோவர்ட் பிளேக் எழுதினார்.

குயினுக்கும் இது சோதனைதான். தங்கள் தட்டுகளில் சிந்தசைசர் இல்லவே இல்லை என்று உறையிலேயே பெருமையாக அச்சிட்டு வந்த குழு அது. 1980இல் வந்த 'தி கேம்' ஆல்பத்தில்தான் முதன்முதலாக அதைத் தொட்டார்கள். சில மாதங்களிலேயே, ஒரு படம் முழுவதற்கும் சிந்தசைசரை நம்பி இசையமைக்க வேண்டிய நிலை.

கதை வசனம் கேட்டிருக்கிறீர்களா?

'ஃப்ளாஷ்' பாட்டை எழுதியவர் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே. ஒரே சுரம் இதயத் துடிப்புபோல் திரும்பத் திரும்ப அடிக்கும். அதன் மேல் நாயகன் பெயரைக் கூட்டமாகச் சேர்ந்து கூவுவார்கள். நடுவில் சட்டென்று எல்லாம் அடங்கி, இவனும் சாதாரண மனிதன்தான் என்று மென்மையாக ஒரு பகுதி வரும். அந்த இடம்தான் பாட்டின் உயிர்.

இன்னொரு புதுமையும் உண்டு. சிங்கிள் என்று சொல்லப்படும் தனிப்பாட்டுத் தட்டில் படத்தின் வசனங்களையும் வெட்டிச் சேர்த்தார்கள். பிரையன் பிளெஸ்ட் என்ற நடிகரின் கர்ஜனையும் அதில் கேட்கும். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி 'திருவிளையாடல்' கதை வசனம் கேட்ட ஊர்க்காரர்களுக்கு இந்த உத்தி புதிதாகத் தெரியாது. படம் பார்க்காதவன் மனதிலும் படம் ஓடும்.

1980 நவம்பரில், படத்துக்கு முன்பாகவே தட்டு வெளிவந்தது. பிரிட்டனில் 10ஆம் இடம், ஆஸ்திரியாவில் முதலிடம். அமெரிக்காவில் 42ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. படமும் அப்படித்தான். பிரிட்டனில் நன்றாக ஓடியது, அமெரிக்காவில் எடுபடவில்லை. பேசப்பட்ட இரண்டாம் பாகம் வரவே இல்லை.

அந்தக் குரலின் கதை

பிரையன் மேயுடன் சேர்ந்து இந்தப் பாட்டைப் பாடிய ஃப்ரெடி மெர்க்குரிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஃபரூக் புல்சாரா. 1946இல் சான்சிபாரில் பிறந்த பார்சி. எட்டு வயதில் மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதிக்கு அனுப்பப்பட்டார். பஞ்சகனி, நம் கொடைக்கானல் மாதிரி விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன மலையூர். அங்கேதான் பள்ளித் தோழர்களுடன் 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவில் பியானோ வாசித்தார். 1964இல் சான்சிபாரில் புரட்சி வெடித்ததால் குடும்பம் இங்கிலாந்துக்கு ஓட வேண்டியிருந்தது. பெற்றோரைப் பிரிந்து மலை விடுதியில் வளர்ந்து, பிறகு ஊரையும் விட்டு ஓடியவர், உலகத்தைக் காப்பாற்ற வருகிறவனைப் பாடினார் என்று நினைத்துப் பார்த்தால் பாட்டு வேறு மாதிரி கேட்கும்.

பின்னால் வந்தவர்கள்

1989இல் 'பேட்மேன்' படத்துக்காகப் பிரின்ஸ் செய்த 'பேட்டான்ஸ்' தட்டிலும் பட வசனங்கள் வெட்டி ஒட்டப்பட்டன. அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1995இல் 'பேட்மேன் ஃபாரெவர்' படத்துக்கு யூ2 பாடியது. 2002இல் 'ஸ்பைடர்மேன்' படத்துக்கு நிக்கல்பேக் குழுவின் சாட் குரோகரும் சலைவா குழுவின் ஜோஸி ஸ்காட்டும் பாடிய 'ஹீரோ' அமெரிக்காவில் 3ஆம் இடம் வரை போனது. சூப்பர் ஹீரோ படம் என்றால் கூடவே ஒரு ஹிட் பாட்டும் வர வேண்டும் என்பது அதற்குள் வழக்கமாகிவிட்டது.

ஃப்ரெடி 1991 நவம்பர் 24 அன்று காலமானார். 'ஃப்ளாஷ் கார்டன்' படத்தை இன்று தேடிப் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அந்த ஒற்றைச் சுரம் அடிக்கத் தொடங்கினால், படமே பார்க்காதவர்களும் அடுத்து வரும் பெயரைச் சேர்ந்து கூவுகிறார்கள்.