ஒரு ஃபைலின் பெயரை மாற்றினால் எத்தனை லிங்க் உடையும்? முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

2023 மார்ச் மாதம் ஜொகூர் மாநிலத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. சிகாமட் மாவட்டத்தில் உள்ள சாஆ நகரமும் தண்ணீரில் மூழ்கியது. அப்படி ஒரு நேரத்தில், வெள்ளக் கையேடு ஒன்றைக் கைபேசியில் திறந்து, 'நிவாரண மையம் எங்கே?' என்ற லிங்கை ஒருவர் தட்டுவதாக வைத்துக்கொள்வோம். திரையில் வருவது '404 - பக்கம் இல்லை'.

மையங்களின் பட்டியல் அழியவில்லை. யாரோ அந்த ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தகவல் இருக்கு, ஆனா போற வழி அறுந்துபோச்சு. இப்படி நடக்காமல் தடுக்க, கையேடுகளை எழுத உதவும் மென்பொருள்களில் 'லிங்க் கண்காணிப்பு' என்ற வசதி இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது?

லிங்க் ஏன் உடைகிறது?

உங்கள் கைபேசி எண்ணை நினைத்துப் பாருங்கள். அதை எத்தனை பேர் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எண்ணை மாற்றினால், பழைய எண்ணுக்கு அழைக்கும் எல்லாருக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

லிங்கும் அப்படித்தான், ஒருவழிப் பாதை. 'அ' என்ற ஃபைலில் 'ஆ' என்ற ஃபைலின் முகவரி எழுதப்பட்டிருக்கும். ஆனால் தன்னை யார் யார் சுட்டுகிறார்கள் என்று 'ஆ'வுக்குத் தெரியாது. அதன் பெயரையோ இடத்தையோ மாற்றினால், அந்த லிங்குகள் எல்லாம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் செத்துப்போகும்.

ஆரம்பத்திலேயே இருவழியாக அமைத்திருக்க முடியாதா?

அந்த யோசனை பழையது. 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கிய டெட் நெல்சன், 1960இல் தொடங்கிய தமது 'சனடு' திட்டத்தில் இருபக்கமும் தெரியும் இணைப்புகளைத்தான் கற்பனை செய்தார். டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த உலகளாவிய வலையோ ஒருவழி லிங்கைத் தேர்ந்தெடுத்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் யார் வேண்டுமானாலும் லிங்க் கொடுக்கலாம் என்பதால் வலை வேகமாக வளர்ந்தது. அதற்கான விலைதான் உடைந்த லிங்குகள்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு, பத்து ஆண்டுகள் கழித்துத் திறக்கவில்லை.

ஆவண மென்பொருள்கள் என்ன செய்கின்றன?

முழு இணையத்தையும் கண்காணிப்பது கடினம். ஆனால் ஒரு கையேட்டின் ஃபைல்கள் எல்லாம் ஒரே திட்டத்துக்குள் இருக்கும். அதனால் மேட்கேப் ஃப்ளேர், அடோபி ரோபோஹெல்ப் போன்ற மென்பொருள்கள் அவற்றைப் படித்து, எந்த ஃபைல் எதைச் சுட்டுகிறது என்று பார்த்துச் சொல்ல முடிகிறது. அதைத் திருப்பிப் பார்த்தால், ஒரு ஃபைலை யார் யார் சுட்டுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

இதனால் மூன்று நன்மைகள்:

• ஃபைலின் பெயரை மென்பொருளுக்குள்ளேயே மாற்றினால், அதைச் சுட்டும் லிங்குகளையும் சேர்த்தே திருத்தலாம்.
• உடைந்த லிங்குகளின் பட்டியலை, கையேட்டை வெளியிடும் முன்பே பார்க்கலாம்.
• எந்த லிங்கும் இல்லாமல் அநாதையாகக் கிடக்கும் ஃபைல்களையும் கண்டுபிடிக்கலாம்.

கவனிக்க: மென்பொருளுக்கு வெளியே போய், சாதாரண ஃபோல்டரில் பெயரை மாற்றினால் இந்தத் தானியங்கித் திருத்தம் நடக்காது. நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னொரு வழி, முகவரிக்குப் பதிலாகப் புனைபெயர் வைப்பது. கைபேசியில் 'அத்தை' என்று சேமித்துவிட்டால், அவருடைய எண் மாறும்போது ஒரே ஒரு இடத்தில் திருத்தினால் போதும். 'டிடா' என்ற ஆவணத் தரத்தின் 1.2 பதிப்பு, 2010இல் இந்த முறையைக் கொண்டுவந்தது. கூகல் டிரைவும் ஃபைலின் பெயரை நம்பாமல், மாறாத அடையாளக் குறியீட்டை வைத்துத்தான் லிங்க் தருகிறது. அதனால்தான் அங்கே பெயரை மாற்றினாலும் நண்பருக்கு அனுப்பிய லிங்க் திறக்கிறது.

தமிழில் இதை எங்கே பார்க்கலாம்?

தமிழ் விக்கிப்பீடியாவில். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், கருவிகள் பகுதியில் 'இப்பக்கத்தை இணைத்தவை' என்று ஒரு தெரிவு இருக்கும். அதைத் தட்டினால், அந்தக் கட்டுரைக்கு லிங்க் கொடுத்துள்ள மற்ற விக்கிப்பீடியா பக்கங்கள் எல்லாம் வரிசையாக வரும்.

மலேசிய ஊர்ப் பெயர்களுக்கு இது ரொம்பவே தேவை. மலாய், சீனப் பெயர்களை ஆளுக்கொரு மாதிரி தமிழில் எழுதுகிறோம். கட்டுரைத் தலைப்பை ஒருவர் மாற்றினால், பழைய தலைப்பு 'வழிமாற்று' ஆக நின்று புதிய பக்கத்துக்கு அனுப்பிவைக்கும். பழைய எண்ணுக்கு வரும் அழைப்பைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடுவது போல.

ஒரே 'ஜொகூர்', இரண்டு ஃபைல்களா?

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'ஜொகூர்' என்பதன் முதல் எழுத்து 'ஜொ'. யூனிகோடில் இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ஜ' உடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் வைக்கலாம்.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் பல லினக்ஸ் சர்வர்கள் ஃபைல் பெயரைக் குறியீடு குறியீடாக ஒப்பிடுவதால், இரண்டையும் வெவ்வேறு ஃபைல்களாகவே பார்க்கும். லிங்க் சரியாத்தான் இருக்கு, ஆனா திறக்க மாட்டேங்குதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆங்கிலத்திலும் இப்படி ஒன்று உண்டு: பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் வழக்கமாகப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். வீட்டுக் கணினியில் திறந்த லிங்க் சர்வரில் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்க என்ன செய்யலாம்?

• ஒரு ஃபைலை நீக்கும் முன், நகர்த்தும் முன், 'இதை யார் சுட்டுகிறார்கள்?' என்று முதலில் பாருங்க.
• பெயர் மாற்றத்தை மென்பொருளுக்குள்ளேயே செய்யுங்க.
• இணையத்தில் ஏற்கெனவே வெளியான பக்கம் என்றால், பழைய முகவரியில் ஒரு வழிமாற்று வைத்துவிடுங்க. வெளியில் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று எந்த மென்பொருளுக்கும் முழுசாகத் தெரியாது.
• ஃபைல் பெயரில் தேதி, 'புதுசு', 'இறுதி' போன்ற சொற்களைத் தவிருங்க. அடுத்த மாதமே மாற்ற வேண்டிவரும்.
• பள்ளி, கோயில், குடியிருப்புச் சங்கம் என்று எதற்கு அவசரத் தகவல் பக்கம் வைத்திருந்தாலும், மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு லிங்கையும் ஒருமுறை தட்டிப் பாருங்க. வெள்ளம் வந்த பிறகு அதைத் திருத்த யாருக்கும் நேரம் இருக்காது.