கமர்கட்டும் தேங்காய்ப் பர்பியும்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

மதுரை நகரின் பெட்டிக்கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி போன்ற ஊர்களின் கடைவீதிகளிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் தின்பண்டங்கள் கமர்கட்டும் தேங்காய்ப் பர்பியும். அண்மைக்காலமாகத் தேங்காய்த் துருவலில் புரட்டிய மார்ஷ்மெல்லோ எனும் மென்மிட்டாயும் கடைகளில் விற்கப்படுகிறது. “நீரிழிவு உள்ளவர் இவற்றைத் தொடவே கூடாதா?” என்பது புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. அளவும் நேரமும் அறிந்து உண்டால் பெரும்பாலானோர்க்கு முழுத் தடை தேவையில்லை. எனினும், சில சூழல்களில் இவை ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

ஒரு துண்டில் என்ன உள்ளது?

தேங்காய்ப் பர்பி பொதுவாக ஒரு பங்கு துருவலுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு சர்க்கரை சேர்த்துக் கிளறப்படுகிறது. எனவே 25 கிராம் எடையுள்ள துண்டில் 12 கிராமுக்குக் குறையாத சர்க்கரை இருக்கும். கமர்கட்டில் சர்க்கரைக்கு மாற்றாக வெல்லப்பாகு சேர்கிறது. வெல்லம் இரத்தச் சர்க்கரையை உயர்த்தாது என்னும் நம்பிக்கை தவறானது. வெல்லத்தின் பெரும்பகுதியும் சர்க்கரையே. தேங்காயில் கொழுப்பு மிகுதி. அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு.

எவ்வளவு உண்ணலாம்?

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு உணவில் சேர்க்கும் சர்க்கரை ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது நன்று. இரண்டு துண்டு பர்பியே அந்த அளவை எட்டிவிடும். அன்று அருந்தும் காபி, தேநீரில் உள்ள சர்க்கரையும் இக்கணக்கில் அடங்கும்.

நீரிழிவு கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படி எப்போதாவது ஒரு சிறு துண்டை, வெறும் வயிற்றில் அல்லாமல், உணவுக்குப் பின் உண்ணலாம். அன்று அவ்வேளைச் சோற்றையோ இட்லியையோ சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்கடங்காதிருக்கும் நாட்களிலும், ஆறாத புண் அல்லது காய்ச்சல் உள்ளபோதும் தவிர்த்துவிடுங்கள். இனிப்பு உண்பதற்காக மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகவே கூட்ட வேண்டாம்.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: முதியவர் இனிப்பு உண்டதை அறிந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அச்சத்தால் அவர் மறைத்து உண்ணத் தொடங்கினால், சர்க்கரை உயர்வதன் காரணம் மருத்துவருக்குத் தெரியாமல் போகும்; தேவையின்றி மருந்தளவு கூட்டப்படலாம். என்ன உண்டார், எவ்வளவு உண்டார் என்பதைக் குறித்துவைத்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிற்கு வரும் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ தெரிவியுங்கள்.

தாழ்சர்க்கரையின்போது தேங்காய் மிட்டாய் கொடுக்கலாமா?

கூடாது. இன்சுலின், அல்லது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்போர்க்கு வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் தோன்றினால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கியிருக்கலாம். தேங்காயின் கொழுப்பு சர்க்கரை உட்கிரகிக்கப்படுவதைத் தாமதப்படுத்தும். கமர்கட்டோ கரையவே நேரமாகும்.

• மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தூளை (15 கிராம்) நீரில் கரைத்துக் கொடுங்கள்.
• 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதியுங்கள். உயரவில்லை எனில் அதே அளவை மறுபடியும் கொடுங்கள்.
• சீரானபின் உணவு கொடுங்கள். மாத்திரை எடுப்போர்க்குத் தாழ்சர்க்கரை மீண்டும் வரக்கூடும். அன்றே மருத்துவரை அணுகுங்கள்.
• நினைவிழந்தவர்க்கு வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

சிறுநீரக நோய், இதய நோய் உள்ளோர்

தேங்காயிலும் வெல்லத்திலும் பொட்டாசியம் உண்டு. பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டோரும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை உண்ண வேண்டாம். இதய நோய் உள்ளோர் தேங்காயின் கொழுப்பைக் கருத்தில் கொண்டு அளவைக் குறைத்துக்கொள்க.

சிறு குழந்தைகளும் முதியோரும்

உருண்டையும் கடினமுமான கமர்கட் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும்; மார்ஷ்மெல்லோவும் அவ்வாறே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், விழுங்குவதில் சிரமமுள்ள பக்கவாத நோயாளிகளுக்கும் இவற்றைக் கொடுக்காதீர்கள். பெரிய குழந்தைகளையும் ஓடியாடும்போது உண்ண விடாதீர்கள்.

ஒரு வயதைக் கடந்த குழந்தைக்குத் தொண்டை அடைத்து, இருமவோ பேசவோ அழவோ முடியவில்லை எனில், உடனே 108-ஐ அழைக்கச் செய்யுங்கள். குழந்தையை முன்புறம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை வலுவாகத் தட்டுங்கள். பயனில்லை எனில், பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளிவரும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவாதீர்கள்.

ஒட்டும் பாகு பற்சொத்தைக்கு வழிவகுக்கும். நாள் முழுதும் சிறிது சிறிதாகத் தின்பதைவிட ஒரே வேளையில் தின்றுமுடித்து வாய் கொப்பளிப்பது மேல். இரவில் பல் துலக்கியபின் தின்னக் கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• ஆடை, தாள் முதலியவற்றுக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமின் பி கலந்திருந்ததால், தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. அனுமதிக்கப்பட்ட நிறமா, அல்லாததா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. ஆதலால் அடர்ந்த இளஞ்சிவப்புப் பர்பியைவிட நிறம் சேர்க்காத வெண்ணிறப் பர்பி பாதுகாப்பானது.
• வெயிலில் தேங்காய் விரைவில் கெடும். காறல் வாடை வீசினால் உண்ணாதீர்கள். செய்தித்தாளில் மடித்துத் தந்தால் மறுத்துவிடுங்கள். அச்சுமை உணவில் கலக்கும்.
• மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்குகளிலிருந்து பெறப்படும் ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. சைவ உணவினர் உறையில் பச்சைக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ற அளவை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள். ஐயமிருப்பின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.