வாளேந்திய இரு மாணவியர்

அம்பத்தூரை அடுத்த அயனம்பாக்கமாயினும் அயல்நாட்டு நகரமாயினும், பள்ளிகளிற் காணும் காட்சி ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பு வரை ஓடியாடிய சிறுமியர், பருவம் எய்தியதும் உடற்கல்வி வேளையில் மரநிழலில் ஒதுங்கிவிடுகின்றனர். 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவியருள் நூற்றுக்கு 85 பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்றும், மாணவருள் அத்தொகை 78 என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தார் 2016 ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்டனர்.

பெண்களுக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். அண்மைக்கால வரலாறு அக்கூற்றை ஏற்கவில்லை.

சென்னை வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பவானி தேவி, 2004 இல் தாம் பயின்ற பெண்கள் பள்ளியில் ஒரு விளையாட்டைத் தெரிந்தெடுக்கச் சென்றார். ஏனையவற்றில் இடம் நிறைந்துவிடவே, வாள்வீச்சே எஞ்சியிருந்தது. வாளின் விலையோ எட்டாதது. மூங்கிற்கழிகளைக் கொண்டே பயின்றனர். பத்தாம் வகுப்பிற்குப் பின் கேரளத்துத் தலச்சேரிப் பயிற்சி மையம் அவரை ஏற்றது. 2021 இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில், வாள்வீச்சிற் களங்கண்ட முதல் இந்தியர் என்னும் சிறப்பை எய்தினார். முதற் போட்டியில் 15-3 என வெற்றியும் கண்டார். அப்பள்ளியில் வாள்வீச்சு இல்லாதிருந்தால் இவ்வரலாறு ஏது?

அமெரிக்க நாட்டு நியூஜெர்சியிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்றுண்டு. இப்திஹாஜ் முஹம்மத் என்னும் முஸ்லிம் மாணவி, தம் மார்க்கம் பேணும் உடையோடு ஆடத்தக்க விளையாட்டைத் தேடினார். வாள்வீச்சாளர் உடல் முழுவதும் மூடிய உடை அணிவதைக் கண்ட அவர்தம் அன்னையார், 13 ஆம் வயதில் மகளை அதில் ஈடுபடுத்தினார். அம்மங்கை 2016 இல் ரியோ ஒலிம்பிக்கிலே முக்காடணிந்து களமிறங்கிக் குழுப்போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

முக்காட்டுக்கு இருந்த தடையைக் கால்பந்துச் சம்மேளனம் 2014 இலும், கூடைப்பந்துச் சம்மேளனம் 2017 இலுமே நீக்கின. அதுவரை எத்தனை இளநங்கையர் ஆட்டத்தையா உடையையா துறப்பது என்று தவித்திருப்பர்! அவர்கள்முன் நின்ற தடை, விதியொன்றை மாற்றியதும் அகன்றுவிட்டது.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் இத்தகைய தடைகள் உண்டு. மேனி மறைக்கும் விளையாட்டுடை, உடை மாற்ற ஓர் அறை, தூய கழிப்பறை, மாதவிலக்கு நாளிற் பரிவோடு கேட்கும் ஆசிரியை, பந்தாட்டம் பிடிக்காதவர்க்கு வேறோர் ஆட்டம் ஆகியவை இல்லையெனில் வளரிளம்பெண் ஒதுங்கவே செய்வாள். தேர்வு நெருங்கியதும் உடற்கல்வி வேளையைக் கணக்குப் பாடத்திற்குக் கொடுத்துவிடும் வழக்கமும் அவளை மேலும் ஒதுக்குகிறது.

பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லுங்கால் மதிப்பெண்ணை மட்டும் வினவித் திரும்புவது நம் வழக்கம். இனி, நம் மகள் இவ்வாரம் எத்தனை முறை மைதானத்தில் இறங்கினாள், இறங்கவில்லையேல் எது தடுத்தது என்பதையும் வினவுவோமாக.