தோற்றுப்போன மருந்து தந்த சோதனை



குளிர் தொடங்கினால் நம் வீடுகளில் இருமலும் தொடங்கிவிடும். "போன வருசம் தந்த அன்ரிபயோரிக் மிச்சம் இருக்கு, அதைக் குடுங்கோ" என்ற குரலும் கூடவே கேட்கும். மருத்துவ ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில், அந்தக் குரலுக்குப் பதிலாக ஒரு சிறு வரலாற்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

நியூமோனியாக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் முதன்மையானது நியூமோகொக்கஸ். 1881 இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஸ்ரேன்பேர்க்கும் தனித்தனியே இதனை உமிழ்நீரிற் கண்டறிந்தனர். ஸ்ரேன்பேர்க் எடுத்தது தமது சொந்த உமிழ்நீரை. அவரோ நல்ல சுகதேகி. ஆம், நோயில்லாதவர் தொண்டையிலும் இக்கிருமி குடியிருக்கும்.

1911 இல் ஜேர்மனியில் மோர்கன்ரோத், லெவி என்போர் கொயினாவின் வழிவந்த ஒப்ரோக்கின் என்ற மருந்து எலிகளில் இக்கிருமியை அடக்குவதைக் கண்டனர். அடுத்த ஆண்டே எலிகளில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றின. 1917 இல் நோயாளரிடமும் அவை காணப்பட்டன. போதாக்குறைக்குச் சிலரின் கண்பார்வையையும் அது பறித்தது. மருந்து கைவிடப்பட்டது.

ஆனால் 1955 இல் அதே ஒப்ரோக்கின் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தது. இரத்தம் கலந்த அகார் தட்டில் நியூமோகொக்கஸ் பச்சை படர வளரும். வாயில் வாழும் வேறு ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமிகளும் அப்படியே வளரும். கண்ணால் பிரித்தறிவது கடினம். ஒப்ரோக்கின் ஊறிய சிறு கடதாசி வில்லையைத் தட்டில் வைத்து ஓரிரவு விடுவோம். மறுநாள் 6 மில்லிமீற்றர் வில்லையைச் சுற்றி 14 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டத்துக்குக் கிருமி வளராதிருந்தால், அது நியூமோகொக்கஸ் என்று கொள்வோம்.

1940களில் வந்த பென்சிலின் எத்தனையோ உயிர்களைக் காத்தது. எனினும் 1967 இல் அவுஸ்திரேலியாவில் பென்சிலினுக்கு எளிதில் அடங்காத நியூமோகொக்கஸ் அறிவிக்கப்பட்டது. பத்தாண்டுகளில் தென்னாபிரிக்காவில் பல மருந்துகளுக்கும் அடங்காத வகைகள் வெளிப்பட்டன. ஆதலால் எந்த மருந்து இன்னும் வேலை செய்யும் என்பதையும் நாம் தட்டில் பார்க்க வேண்டியதாயிற்று.

2000 இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான புதிய தடுப்பூசி வந்தபின், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் வரும் கடும் நோய்களும் குறைந்தன. ஊசி போடாத முதியோருக்கும் அதன் பயன் கிடைத்தது.

நேயர்களே, மருந்து ஒவ்வொரு முறை உடலுக்குள் போகும்போதும் தொண்டையிற் குடியிருக்கும் கிருமிகளும் அதைச் சந்திக்கின்றன. அடங்குபவை மடிய, அடங்காதவை பெருகுகின்றன. தடிமனுக்கு அன்ரிபயோரிக் உதவாது. மிச்ச மருந்தை மருந்துக்கடையிற் திருப்பிக் கொடுங்கள். காய்ச்சலுடன் மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால் தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உரிய தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேளுங்கள்.