ஸ்கூட்!

நாமக்கல் பக்கம் லோடுக்காகக் காத்துக் கிடக்கும் லாரிகளின் நிழலில், துண்டை விரித்து நாலைந்து பேர் ரம்மி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பதிமூன்று சீட்டையும் விசிறி மாதிரி விரித்துப் பார்க்கிறார் ஒரு டிரைவர். ஜோக்கர் இல்லை. ஒன்றோடொன்று சேருகிற சீட்டும் இல்லை. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் அத்தனையையும் கவிழ்த்து வைத்துவிட்டு, ‘‘நான் ஸ்கூட்டுங்க’’ என்கிறார். அவர் கணக்கில் இருபது பாயிண்ட் ஏறுகிறது.

பக்கத்தில் இருப்பவருக்கும் இதே கதிதான். ஆனால் அவர் விடுவதாக இல்லை. ‘‘ஜோக்கர் வந்துரும், பாரு மாப்ளே’’ என்று கடைசி வரை உட்கார்ந்திருக்கிறார். எதிராளி டிக்ளேர் பண்ணும்போது எண்பது பாயிண்ட். ஃபுல்!

இரண்டு பேரில் கெட்டிக்காரர் யார்? சந்தேகமே வேண்டாம், முதல் ஆள்தான். அவரும் தோற்றார். ஆனால், குறைச்சலாகத் தோற்றார்!

அமெரிக்காவில் மிசிசிப்பி நதிக்கரையில், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்த போக்கர் ஆட்டத்திலும் இதே சங்கதி உண்டு. அங்கே அதற்கு ‘ஃபோல்ட்’ என்று பெயர். கையில் நல்ல சீட்டு இருப்பதாகப் பாவலா காட்டி எதிராளியை விரட்டும் ‘பிளஃப்’தான் சினிமாவில் வரும். நிஜமான ஆட்டக்காரர்களோ பெரும்பாலான நேரம் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சும்மா இருப்பதுதான் அங்கே பெரிய வித்தை.

சரி, சீட்டாட்டம் திறமையா, அதிர்ஷ்டமா? நம் ஊர் சட்டம் சுமார் நூறு வருஷமாக இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது. 1930-ல் வந்த சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம், திறமை ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1967-ல் முடிவுக்கு வந்தது. ‘மூணு சீட்டு’ வெறும் அதிர்ஷ்டம். ரம்மி அப்படியல்ல, விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அதில் திறமையே பிரதானம் என்று தீர்ப்பானது. போலீஸைப் பார்த்ததும் சீட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

போக்கரில் திறமை உண்டு என்பதற்குக் கம்ப்யூட்டரே சாட்சி சொன்னது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ‘லிப்ராடஸ்’ என்ற புரோகிராம் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதித் தெளிவாக ஜெயித்தது. இருபது நாள். மொத்தம் 1,20,000 ஆட்டங்கள்.

அந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏன் அத்தனை ஆட்டம்? பத்து ஆட்டத்திலோ நூறு ஆட்டத்திலோ அதிர்ஷ்டம் திறமையை மறைத்துவிடும். முட்டாள் ஜெயிப்பான், மேதை தோற்பான். யார் கெட்டிக்காரன் என்று சந்தேகமில்லாமல் தெரிய லட்சக்கணக்கில் ஆட வேண்டும். ஒரு மாசச் சம்பளத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்காருகிறவனிடம் ஒரு லட்சம் ஆட்டத்துக்கான பணமா இருக்கிறது? அவனுடைய திறமை வெளியே தலைகாட்டும் முன்பே பாக்கெட் காலியாகிவிடும்!

தர்மபுத்திரர் கதையும் இதுதானே? சகுனிக்குக் காய் உருட்டும் வித்தை தெரியும், தர்மருக்குத் தெரியாது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். முதல் ஆட்டத்தில் இழந்த அத்தனையையும் திருதராஷ்டிரன் திருப்பிக் கொடுத்தான். மறுபடி அழைப்பு வந்தது. மனுஷன் மறுபடியும் போய் உட்கார்ந்தார்! அவருக்குத் தெரியாமல் போனது உருட்டும் வித்தை மட்டுமல்ல; எழுந்திருக்கும் வித்தையும்தான்.

சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்த ராஜாஜி, 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானார். அந்த வருஷம் அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல்லும் அப்போது அதில் அடக்கம். வருமானம் போகுமே என்றார்கள். ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். குடிக்கிறவன் அளவோடு நிறுத்தத் தெரிந்தவனா, இல்லையா என்று அந்தச் சட்டம் ஆராயவில்லை. கூலி வீடு போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அதன் கவலை. மதுவிலக்கு சரியா, தப்பா என்று எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வாதாடலாம். ஆனால் கேள்வியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சீட்டாட்ட விஷயத்தில் அந்தக் கேள்விக்கு வந்து சேர நமக்கு ரொம்ப நாளாயிற்று. செல்போனில் ரம்மி வந்தது. கடன், தற்கொலை என்று செய்திகள் வந்தன. 2021-ல் தமிழக அரசு போட்ட தடைச் சட்டத்தை அதே வருஷம் ஐகோர்ட் ரத்து செய்தது. 2023-ல் புதுச் சட்டம். அந்த நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியல் போட்டது செல்லாது என்றது ஐகோர்ட். கடைசியில் 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவுமே கூடாது என்றது. பழைய கேள்வியையே ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டது!

லாரி நிழலில் ஆடுவதற்கும் செல்போனில் ஆடுவதற்கும் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? லாரி நிழலில், லோடு வந்துவிட்டால் ஆட்டம் கலைந்துவிடும். இருட்டினாலும் கலையும். ‘‘போதுமுங்ண்ணா, எந்திரிங்க’’ என்று கிளீனர்ப் பையன் கையைப் பிடித்து இழுப்பான். செல்போனில் இருட்டுவதும் இல்லை. இழுக்க ஆளும் இல்லை.

சீட்டையே தொடாதவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகின்றன. பாயிண்ட் பார்த்து, கல்லைப் பார்த்து, அனுபவத்தை வைத்து இறங்குகிறார்கள். திறமைதான். ஆனாலும் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்பது பூமிக்கு மட்டும்தான் தெரியும். எண்ணூறு அடி போயும் வெறும் புகைதான் வருகிறது என்று வையுங்கள். விவசாயி சொல்வார்: ‘‘இன்னொரு நூறடி போட்டுப் பாத்தரலாமுங்க...’’ இதுவரை போன காசு வீணாகிவிடுமே என்ற பயம் அவரைப் பேச வைக்கிறது. போன காசு போனதுதான். அடுத்த நூறடிக்கு அடகு வைக்கப்போவது மகளின் தோடு.

அந்த நேரத்தில் ரிக் இன்ஜினை நிறுத்தச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். கைதட்ட யாரும் இருக்க மாட்டார்கள். பேர் வாங்கித் தராத தைரியம் அது. தோடு மட்டும் மகள் காதிலேயே இருக்கும்.

அடுத்த முறை அந்த டிரைவர் ‘ஸ்கூட்’ என்று சொல்வது காதில் விழுந்தால், பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள்!